யாருடைய முழம்?

போகிக்கு முந்தின ஞாயிறு. பரணைக் காலி செய்யலாம் என்று ஸ்டூல் போட்டு ஏறினேன். கைப்பிடி போன தோசைக்கல், ரப்பர் இறுகிப்போன குக்கர் மூடி, எந்த டிவிக்கு என்று யாருக்கும் தெரியாத ரிமோட் மூன்று என ஒவ்வொன்றாக இறங்கின. கடைசியில் சுவரை ஒட்டி வாய் கட்டிய ஒரு சாக்குப் பை. அவிழ்த்துப் பார்த்ததும் மறுபடி கட்டிவிடலாமா என்று தோன்றியது. உள்ளே இருந்தவை எல்லாம் நான் ஆரம்பித்து முடிக்காமல் விட்ட கைவேலைகள்.

முக்கால்வாசி பின்னிய பச்சை ஒயர் கூடை ஒன்று. சிவப்பு நூலின் சாயம் இறங்கிய தலையணை உறை. சதுரமாக வந்திருக்க வேண்டிய, முக்கோணமாக வந்த குரோஷா துண்டு. பூஞ்சை பிடித்துக் கறுத்த காகிதக் கூழ்க் கிண்ணம். பூவெல்லாம் பாதி உதிர்ந்த ஒரு வாசல் தோரணம். கீழே நின்று ஸ்டூலைப் பிடித்துக்கொண்டிருந்த அம்மா, பையை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "போகிக்கு எரிக்கிறதா இருந்தா மத்ததை எரி. ஒயரை மட்டும் எரிச்சிராத, தெருவே நாறும்."

எதையும் எரிக்கவில்லை. கூடத்தில் பரப்பி வைத்து ஒவ்வொன்றும் எங்கே நின்றது, ஏன் நின்றது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாவற்றிலும் வேலை நின்ற இடம் ஒன்று, தப்பு நடந்த இடம் வேறு. கூடை மேல்விளிம்புக்குக் கொஞ்சம் கீழே நின்றிருந்தது. ஆனால் தப்பு ஒயரை வெட்டும்போதே நடந்துவிட்டது. உறை துவைக்கும்போது பாழானது. அதற்கான வினை ஊசியில் நூல் கோக்கும் முன்பே ஆரம்பம். கைவேலை வீடியோக்களில் இந்த முதல் கால் மணி நேரத்தைத்தான் பாட்டுப் போட்டு வேகமாக ஓட்டிவிடுகிறார்கள். அதனால் அதைப் பற்றியே எழுதலாம் என்று உட்கார்ந்தேன்.

முதலில் கூடை. எனக்கு இருக்கிற வருத்தத்தில் பாதி அதன் மேல்தான்.

தொண்ணூறுகளில் எங்கள் தெருவில் முழுப் பரீட்சை லீவு விட்டால் திண்ணைக்குத் திண்ணை ஒயர் கட்டு பிரியும். சாதா முடிச்சு, நெல்லிக்காய், சிவன் கண் என்று அக்காமார்கள் பேசிக்கொள்வது ஏதோ ரகசிய பாஷை மாதிரி இருக்கும். அம்மா அப்போது பின்னிய ஒரு கூடையில்தான் இன்றும் எங்கள் வீட்டு வெங்காயம் இருக்கிறது. நான் அந்த வயதில் கற்றுக்கொள்ளவில்லை. 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தமிழ்நாட்டில் தடை வந்தபோது, கறிகாய்க் கடைக்கு எல்லோரும் பழைய கூடையைத் தூசி தட்டி எடுத்தார்கள். எனக்கும் ஆசை வந்தது. ஒயரும் பிளாஸ்டிக்தானே என்று என் மகள் கேட்டாள். ஆமாம்தான். ஆனால் இருபத்தைந்து வருடம் வெங்காயம் சுமக்கிற பிளாஸ்டிக்.

வீடியோவில் வந்த ஒரு அம்மா, "ஐந்து முழத்தில் இருபது ஒயர் வெட்டிக்கொள்ளுங்கள்" என்றார். வெட்டினேன். முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரை வைத்து வைத்து, பெருமையாக. பத்து நாள் பின்னினேன். அடி வந்தது, மூலை திரும்பியது, சுவர் எழும்பியது. மேல்விளிம்புக்கு இன்னும் மூன்று வரிசை இருக்கும்போது ஒயர் முனைகள் கட்டைவிரல் நீளத்துக்கு வந்து நின்றன. ஒயர்க் கட்டு அளவில் குறைவு என்று கடைக்காரரைத் திட்டினேன். அப்புறம் கூடை பரணுக்குப் போனது.

பரணைக் காலி செய்த அந்த ஞாயிற்றுக்கிழமைதான் இன்ச் டேப்பை எடுத்து என் முழத்தை அளந்தேன். 40 சென்டிமீட்டர். அம்மாவுடையது 45. ஐந்து முழம் என்றால் அவளுக்கு 225, எனக்கு 200. ஒரு ஒயருக்கு 25 சென்டிமீட்டர் போச்சு. ஒயரை நடுவில் மடித்துப் பின்னுவதால் அந்தக் குறை இரண்டு பக்கத்துக்கும் பன்னிரண்டு பன்னிரண்டாகப் பிரியும். என் கைக்கு ஒரு முடிச்சு சுமார் 4 சென்டிமீட்டர் விழுங்குகிறது. மூன்று முடிச்சு. அந்த மூன்று வரிசைதான்.

ஆகவே முழக் கணக்கை விட்டுவிடுங்கள். கட்டிலிருந்து ஒரு துண்டு ஒயர் வெட்டிப் பத்து முடிச்சுப் போட்டுப் பாருங்கள். எவ்வளவு ஒயர் போனது என்று டேப்பில் பார்த்துப் பத்தால் வகுத்தால் உங்கள் கைக்கு ஒரு முடிச்சின் விலை தெரிந்துவிடும். அடியின் அகலம் 8 முடிச்சு, ஒரு பக்கச் சுவர் 18 வரிசை என்றால் 8 கூட்டல் 18 கூட்டல் 18, மொத்தம் 44. அதை நாலால் பெருக்கினால் 176. விளிம்பை மடக்கிச் சொருக இரண்டு முனையிலும் ஒரு சாண் விட வேண்டும். சுமாராக 220 வரும். 225 வெட்டினால் கவலை இல்லை. அடியின் நீளவாக்கில் போகிற ஒயர்களுக்கும் இதே கணக்குதான், அகலத்துக்குப் பதில் நீளத்தைப் போட்டுக்கொள்ள வேண்டும். சுற்றிச் சுற்றி வருகிற ரன்னிங் ஒயரை அளந்து வெட்டத் தேவையில்லை, கட்டிலிருந்து அப்படியே ஓட விடலாம்.

இறுக்கிப் பின்னுகிறவருக்கு ஒயர் குறைவாகப் போகும், தளர்த்திப் பின்னுகிறவருக்குக் கூடுதலாகப் போகும். இதனால்தான் ஒரே கூடையில் இரண்டு பேர் கை வைக்கக் கூடாது. நான் ஒருநாள் சமையலில் இருந்தபோது, பாவம் பிள்ளை கஷ்டப்படுகிறாளே என்று அம்மா நாலு வரிசை பின்னி வைத்தாள். அவள் கை இறுக்கம். கூடை அந்த இடத்தில் இடுப்பு ஒடுங்கி உடுக்கை மாதிரி ஆகிவிட்டது. பிரித்துவிட்டு மறுபடி போட்டேன், அவளிடம் சொல்லாமல்.

ஒயர் வாங்கும்போது ஒரு முனையை நகத்தால் அழுத்தி மடக்கிப் பாருங்கள். மடிப்பில் வெள்ளைக் கோடு விழுந்தாலோ, விரிசல் தெரிந்தாலோ வேண்டாம். பழைய பிளாஸ்டிக்கை உருக்கி இழுத்த ஒயராக இருக்கலாம்; கைப்பிடி மடிகிற இடத்தில் சீக்கிரம் உடையும். நிறத்தை யோசித்து மொத்தத்தையும் ஒரே நாளில் வாங்கிவிடுவது நல்லது. போன மாதத்துப் பச்சையும் இந்த மாதத்துப் பச்சையும் கடை வெளிச்சத்தில் ஒன்றாகத்தான் தெரியும், வீட்டுக்கு வந்து பக்கத்தில் வைத்தால்தான் தெரியும் வித்தியாசம். உல்லன் நூலுக்கும் எம்பிராய்டரி நூலுக்கும் இதே கதைதான். அரைக் கட்டு மிஞ்சினால் மிஞ்சட்டும்.

மார்கழிக் காலையில் ஒயர் விறைத்துக்கொண்டு முடிச்சு இறங்காது. பத்து நிமிடம் வெயிலில் போடுங்கள், இல்லாவிட்டால் வெதுவெதுப்பான தண்ணீரில் முக்கித் துடைத்துவிட்டுப் பின்னுங்கள். முனையைச் சாய்வாக வெட்டினால் முடிச்சுக்குள் சுலபமாக நுழையும். இறுகிய முடிச்சைத் தூக்கக் குத்தூசி ஒன்று பக்கத்தில் இருக்கட்டும். நான் நகத்தால் தூக்கி இரண்டு நகம் போனது. ஆள்காட்டி விரலில் தோல் உரியும் முன்பே ஒரு பிளாஸ்திரி சுற்றிவிடுங்கள், உரிந்த பிறகு சுற்றினால் எரிச்சல்தான் மிச்சம். முடித்த பிறகு முனைகளை உள்பக்கம் மூன்று நான்கு முடிச்சு வரை சொருகி அப்புறம் வெட்ட வேண்டும். ஒரே முடிச்சோடு வெட்டினால், இரண்டு கிலோ தக்காளி ஏறிய அன்று அது உருவிக்கொண்டு வரும், அதுவும் பஸ்ஸில் வைத்துத்தான் வரும்.

கூடையை மொட்டை மாடியில் காயப்போட்டு மறந்துவிடுகிறவர்களும் உண்டு. வெயில் ஒயரின் நிறத்தை மட்டும் எடுப்பதில்லை, அதன் உயிரையும் எடுத்துவிடும். கழுவினால் நிழலில் தொங்கவிடுங்கள்.

சரி, கூடை போதும். தலையணை உறைக்கு வருவோம்.

எங்கள் அம்மா தலைமுறையில் கல்யாணமான வீடு ஒவ்வொன்றிலும் 'குட் நைட்' என்று ஆங்கிலத்தில் சங்கிலித் தையல் போட்ட தலையணை உறை ஒரு ஜோடி இருக்கும். எழுத்துக்குக் கீழே ரோஜா, அல்லது இரண்டு கிளி. அம்மா தன்னுடையதை மதுரை புது மண்டபத்தில் நூல் வாங்கிப் போட்டாளாம். மீனாட்சியம்மன் கோயில் கிழக்கு வாசலுக்கு எதிரே, திருமலை நாயக்கர் கட்டிய மண்டபம் அது. நான் சின்னப் பிள்ளையாக இருக்கும்போது சிலைகளுக்கு நடுவே வரிசையாகத் தையல் மிஷின் ஓடிக்கொண்டிருக்கும். யாளியின் காலடியில் உட்கார்ந்து ஒருவர் பாவாடைக்கு நாடா கோத்துக்கொண்டிருப்பார். அந்தக் கடைகள் இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்குப் போய்விட்டன. மண்டபம் மூச்சு விடட்டும், நல்லதுதான். ஆனாலும் யாளிக்குப் பக்கத்தில் நின்று நூல் நிறம் பார்த்தவர்களுக்கு ஒரு குறை இருக்கத்தான் செய்யும்.

அம்மாவுடைய உறையைப் பார்த்து நானும் வெள்ளைத் துணியில் சிவப்பு ரோஜா போட்டேன். நன்றாகவே வந்தது. முதல் துவையலில் ரோஜா அழுதுவிட்டது.

புது நிறத்தைத் துணியில் ஏற்றும் முன், அரை முழ நூலை நனைத்து ஒரு வெள்ளைத் துணிக்குள் மடித்து மேலே சூடான இஸ்திரிப் பெட்டியை வைத்துப் பாருங்கள். சாயம் விடுகிற நூல் அப்போதே காட்டிக்கொடுத்துவிடும். சிவப்பு, கருநீலம், கறுப்பு மூன்றுக்கும் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும். உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு ஒரு தடவைகூட நிற்கவில்லை. சாயம் விடுகிற நூலை ஒதுக்கிவைப்பதுதான் வழி. துவைத்த பிறகு கறை தெரிந்தால் காயவிடாதீர்கள். ஈரமாக இருக்கும்போதே பச்சைத் தண்ணீரை மாற்றி மாற்றி அலசினால் பெரும்பாலும் போய்விடும். நான் கறையைப் பார்த்துப் பயந்து கொடியில் போட்டுவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டேன். அதனால்தான் அது பரணில் இருந்தது.

துணியையும் முதலில் ஒரு தடவை அலசிக் காயவைத்து இஸ்திரி போட்டுக்கொள்ளுங்கள். புதுத் துணியில் கஞ்சி இருக்கும், சுருக்கமும் பாக்கி இருக்கும். வேலை முடிந்த பிறகு துணி சுருங்கினால் நூல் சுருங்காது, பூவைச் சுற்றிக் கொசுவம் விழும். ஃபேப்ரிக் பெயின்ட் அடிப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம், கஞ்சிக்கு மேல் அடித்த பெயின்ட் கஞ்சியோடு கழன்றுவிடும். பெயின்ட் ஒரு நாள் நன்றாகக் காய்ந்த பிறகு துணியின் பின்பக்கம் இஸ்திரி போட்டால் நிறம் பிடித்துக்கொள்ளும்.

எம்பிராய்டரி நூல் ஆறு இழை சேர்ந்தது. ஒரு கட்டில் பொதுவாக 8 மீட்டர் இருக்கும். ஆறையும் ஒன்றாகக் கோத்துத் தைத்தால் கயிறு மாதிரி இருக்கும். காம்புக்கு இரண்டு, சங்கிலித் தையலுக்கு மூன்று என்று பிரித்துக்கொள்ளலாம். பிரிக்கும்போது ஒரு நேரத்தில் ஒரே ஓர் இழையை உருவ வேண்டும். இரண்டு இரண்டாக இழுத்தால் நடுவில் சிக்கு விழும். நூலின் நீளத்துக்கு என் முழமே போதும், இந்த ஒரு இடத்தில் மட்டும் அந்த 40 சென்டிமீட்டர் சரியான அளவு. அடிக்கடி கோக்க வேண்டியிருக்கிறதே என்று சோம்பேறித்தனப்பட்டு நீளமாக வெட்டினால், துணிக்குள் போய்ப் போய் வந்து கடைசிப் பாதி நூல் பஞ்சு பஞ்சாக ஆகிவிடும். ஃபிரேமின் உள்வளையத்தில் பழைய காட்டன் துணியை நாடாவாகக் கிழித்துச் சுற்றிவிட்டால் துணி நழுவாது. வேலை முடித்து எழுந்திருக்கும்போது ஃபிரேமைக் கழற்றிவிட வேண்டும். மாதக்கணக்கில் மாட்டியபடி கிடந்தால் அந்த வட்டம் எந்த இஸ்திரிக்கும் போகாது. என் உறையில் இன்னும் இருக்கிறது, நிலவைச் சுற்றிக் கோட்டை கட்டின மாதிரி.

படத்தைத் துணிக்கு மாற்ற நான் கார்பன் தாளை வைத்துக்கொண்டு மாரடித்திருக்கிறேன். எதிர்வீட்டு அக்கா ஆரி வேலை வகுப்புக்குப் போய்க் கற்றுவந்த முறைதான் சுத்தமானது. படத்தைப் பட்டர் பேப்பரில் வரைந்து, கோட்டின் மேல் ஊசியால் நெருக்கமாகக் குத்திக்கொண்டே போக வேண்டும். தாளைத் துணிமேல் வைத்து, மண்ணெண்ணெய்யில் நீலப் பவுடரைக் கலந்து பஞ்சால் மேலே தடவினால் துளை வழியாகப் புள்ளிப் புள்ளியாகப் படம் இறங்கும். எண்ணெய் ஆவியாகிவிடும், புள்ளி நிற்கும். அதே தாளை ஜாக்கெட்டின் இன்னொரு கைக்குத் திருப்பி வைத்தால் அச்சு அசலாக எதிர்ப் படம் கிடைக்கும். அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து செய்ய வேண்டாம், மண்ணெண்ணெய் என்பதை மறந்துவிடக் கூடாது.

ஊசி நம்பர் பற்றி யாராவது எனக்கு முன்பே சொல்லியிருக்கலாம். கையால் தைக்கும் ஊசியில் நம்பர் ஏற ஏற ஊசி மெலியும். தையல் மிஷின் ஊசியில் நேர்மாறு. 11 மெலிசு, 16 தடிமன். குரோஷா ஊசியில் இரண்டு விதமும் உண்டு. மெல்லிய நூலுக்கான ஸ்டீல் ஊசியில் நம்பர் கூடினால் மெலிசு. அலுமினிய ஊசியில் மில்லிமீட்டர் போட்டிருந்தால், 4 மி.மீ. என்பது 3 மி.மீட்டரை விடத் தடிமன். கடையில் போய் "ஆறாம் நம்பர் கொடுங்க" என்று மொட்டையாகக் கேட்டால் என்ன வரும் என்பது கடைக்காரர் மனநிலையைப் பொறுத்தது. ஊசியின் நம்பரைக் கேட்பதை விடக் கையில் இருக்கும் நூலைக் காட்டி ஊசி கேட்பது மேல்.

குரோஷா துண்டு ஏன் முக்கோணம் ஆனது என்பதற்கு இரண்டு காரணம். ஒன்று, ஒவ்வொரு வரிசையிலும் ஓரத்துக் கண்ணை விட்டுக்கொண்டே வந்திருக்கிறேன். முதல் கண்ணிலும் கடைசிக் கண்ணிலும் ஒரு ஊக்கை மாட்டிவைத்து, வரிசை முடியும்போது எண்ணிப் பார்த்தால் இது நடக்காது. எண்ணுவது அலுப்புதான். ஆனால் இருபது வரிசையைப் பிரிப்பது அதைவிட அலுப்பு. இரண்டாவது காரணம் வேடிக்கையானது. ஆங்கிலப் பேட்டர்ன்களில் அமெரிக்கக்காரர்கள் 'சிங்கிள் குரோஷே' என்பதை இங்கிலாந்துக்காரர்கள் 'டபுள் குரோஷே' என்பார்கள். அமெரிக்க டபுள் இங்கிலாந்தில் ட்ரெபிள். ஆக, ஒரே பெயர் இரண்டு தையலுக்கு. நான் பாதியை ஒரு வீடியோவிலும் மீதியை இன்னொரு வலைத்தளத்திலும் பார்த்துப் போட்டேன். தொடங்கும் முன் அது எந்த ஊர்ப் பேச்சு என்று பார்த்துவிடுங்கள். பேட்டர்னில் 'சிங்கிள்' என்ற வார்த்தை இருந்தால் அது அமெரிக்கக் கணக்கு.

இன்னொன்று. மதுரையில் ஸ்வெட்டருக்கு என்ன வேலை? நம் வெயிலுக்கு அக்ரிலிக் உல்லன் நூலில் குழந்தைத் தொப்பி பின்னி, அதைப் பிள்ளை தலையில் மாட்டி, அது வேர்த்து அழுவதை நான் பார்த்திருக்கிறேன். காட்டன் நூலில் பின்னுங்கள். அக்ரிலிக்கின் மேல் இஸ்திரிப் பெட்டியைத் தெரியாமல் வைத்தால் பின்னல் நசுங்கிப் பளபளவென்று செத்துவிடும், மீட்க முடியாது.

காகிதக் கூழ்க் கிண்ணம் என் அப்பத்தா நினைவாக ஆரம்பித்தது. அப்பத்தா பழைய பேப்பரை ஊறவைத்து, வெந்தயத்தோடு ஆட்டுரலில் போட்டு ஆட்டி, கவிழ்த்த பானையின் முதுகில் அப்பிக் காயவைத்துக் கூடை செய்வாள். ஓட்டை விழுந்த முறத்துக்கும் அதையே பூசுவாள். வெந்தயம் ஊறினால் வருகிற வழுவழுப்புதான் பசை. அந்தக் கூடையில் வத்தலும் மொச்சையும் வருடக்கணக்கில் இருக்கும். வெந்தயக் கசப்புக்குப் பூச்சி அண்டாது என்பாள்.

நான் செய்தது ஐப்பசியில். தீபாவளி லீவு கிடைத்ததே என்று. மழைக்காலத்தில் கூழ் வேலையில் கை வைக்கவே கூடாது என்று அப்பத்தாவைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். சித்திரை வைகாசியில்தான் அவள் பானையைக் கவிழ்ப்பாள். போதாக்குறைக்கு, பலமாக இருக்கட்டும் என்று ஒரே மூச்சில் விரல் தடிமனுக்கு அப்பினேன். மேல்தோல் காய்ந்து உள்ளே ஈரம் நின்றது. ஈரம் நின்ற இடத்தில் பூஞ்சை வராமல் என்ன செய்யும்.

பேப்பரை மூன்று நாள் ஊறவைத்துத் தினமும் தண்ணீரை மாற்றுங்கள். ஊறிய பேப்பரை மிக்சியில் அடிப்பதாக இருந்தால் கைப்பிடி கைப்பிடியாக, தண்ணீர் தாராளமாக விட்டு அடிக்க வேண்டும். கெட்டியாக ஓட்டினால் மோட்டார் புகையும். பிறகு துணியில் கட்டிப் பிழிந்து, ஊறவைத்து அரைத்த வெந்தயத்தைப் பிசைந்துகொள்ளலாம். பானைமேல் எண்ணெய் தடவி ஈரத் துணி விரித்துவிட்டால் காய்ந்த பிறகு கழற்றுவது சுலபம். ஒரு பூச்சு தோசை தடிமன், நிழலில் ஒரு நாள், வெயிலில் ஒரு நாள். அப்புறம் அடுத்த பூச்சு. எடுத்தவுடன் சுள்ளென்ற வெயிலில் வைத்தால் வெடிக்கும். பைண்டிங் செய்கிறவர்கள் மைதாப் பசையில் பூச்சிக்காக மயில்துத்தம் போடுவதைப் பார்த்து நீங்களும் போட வேண்டாம். அது விஷம், தின்பண்டம் வைக்கிற கூடைக்கு ஆகாது.

தோரணத்துக்கு நீண்ட கதை இல்லை. மேற்குப் பார்த்த வாசல், ஹாட் க்ளூவில் ஒட்டிய பூக்கள், கத்திரி வெயில். அந்தப் பசை சூட்டில் உருகி ஒட்டுவது. சூட்டிலேயே இளகவும் செய்யும். வெயில் படுகிற இடத்துக்கு ஊசி நூலால் கோத்துத் தைத்துவிடுவதே நல்லது. வெள்ளைப் பசை வெயிலைத் தாங்கும், மழையைத் தாங்காது. ஒட்டியதை இருபத்துநாலு மணி நேரம் தொடாமல் இருக்கப் பொறுமையும் வேண்டும். அந்தப் பொறுமை எங்கள் வீட்டில் பூனைக்குக்கூடக் கிடையாது.

பைக்குள் விளாச்சேரி மண் பொம்மை ஒன்றும் இருந்தது, மூக்கில் பெயின்ட் போன செட்டியார். அதைத் துடைக்கிறேன் பேர்வழி என்று முன்பு ஈரத் துணியால் துடைத்ததில் மீசையும் சேர்ந்து போயிருந்தது. கொலு பொம்மைக்கு உலர்ந்த பிரஷ்தான், தண்ணீர் வேண்டவே வேண்டாம். இதை எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

நடுவில் ஒரு புலம்பல். கைவேலை செய்கிறோம் என்று தெரிந்ததும், "இதை விக்கலாமே, வீட்டில் இருந்தபடியே சம்பாதிக்கலாமே" என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். உறவில் ஒருவர் என் கூடைப் படத்தைப் பார்த்துவிட்டு, ஐந்து கூடை வேண்டும், ஒயர் காசு தந்துவிடுகிறேன் என்றார். ஒரு கூடைக்கு எனக்குப் பதினாலு மணி நேரம் ஆகிறது. விற்பது தவறில்லை, சேலைக் குச்சு கட்டியே பிள்ளையைப் படிக்கவைத்தவர்கள் எங்கள் தெருவில் உண்டு. அப்படி விற்பதாக இருந்தால் முதல் மூன்று பொருளுக்குக் கடிகாரம் வைத்து நேரத்தை எழுதி வையுங்கள். எழுதாவிட்டால் உங்கள் கைக்கூலி ஒயர் விலைக்குள் காணாமல் போய்விடும். உறவினருக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

கூடையை மட்டும் முடித்துவிடலாம் என்று முடிவு செய்தேன். ஒயரை நீட்ட வழி இருக்கிறது என்பது அப்போதெல்லாம் எனக்குத் தெரியாது. புது ஒயர்த் துண்டின் முனையைப் பழைய ஒயருக்கு அடியிலேயே, உள்பக்கமாக நாலு முடிச்சு கீழே வரை சொருகி இறக்கிவிட்டு, மேலே புது ஒயரில் முடிச்சைத் தொடர வேண்டும். பழைய முனையையும் மடக்கி உள்ளே சொருகிவிட்டால் இணைத்த இடம் வெளியே தெரியாது. நெடுக்கு ஒயரில் மட்டும் நாற்பது முனை. ஒரு வாரம் ஆனது.

பச்சை கிடைக்கவில்லை. எழுகடல் தெருவில் கூடையையே தூக்கிக்கொண்டு போய்க் காட்டினேன். "இந்தப் பச்சை இப்ப வர்றதில்லக்கா" என்று இரண்டு கடையில் சொன்னார்கள். மூன்றாவது கடையில் அரக்கு நிறம் வாங்கினேன். கிட்டத்தட்டப் பச்சை என்று ஒன்றைச் சேர்ப்பதைவிட ஒட்டாத நிறம் ஒன்றைச் சேர்ப்பது மேல், ஏதோ யோசித்துச் செய்த மாதிரி இருக்கும். மேல் மூன்று வரிசையும் கைப்பிடியும் அரக்கு. பச்சைச் சேலைக்கு அரக்குக் கரை வைத்ததுபோல வந்துவிட்டது. அம்மா கையில் வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். "வேணும்னே போட்ட மாதிரிதான் இருக்கு" என்றாள். அவளிடமிருந்து இவ்வளவு வருவதே பெரிய விஷயம்.

மீதமிருந்தவற்றைத் திரும்பப் பையில் வைக்கும்போது ஒவ்வொன்றிலும் ஒரு துண்டுச் சீட்டு எழுதிப் போட்டேன். உறையில்: மூன்று இழை, ஒன்பதாம் நம்பர் ஊசி, பச்சை இலை பாக்கி. குரோஷா துண்டைப் பிரித்துப் பந்தாகச் சுற்றி, ஊசியை அதற்குள்ளேயே குத்திவைத்தேன். நிறுத்தும்போது எழுதி வைக்காவிட்டால், திரும்ப எடுக்கும் அன்று எந்த ஊசியில் போட்டோம் என்று யோசிப்பதிலேயே ஆசை வடிந்துவிடும். கிண்ணத்தைக் குப்பையில் போட்டேன். சித்திரை வரட்டும்.

இப்போது மகளுக்கு ஒரு கூடை வேண்டுமாம், நீலத்தில். நேற்று ஒயர் கட்டைப் பிரித்து டேப்பை எடுப்பதற்குள் அம்மா வாங்கிக்கொண்டாள். "டேப்பெல்லாம் எதுக்கு?" என்று காலை நீட்டி உட்கார்ந்து, முழங்கையை மடக்கி, பேசிக்கொண்டே இருபது ஒயரையும் ஐந்தைந்து முழமாக வெட்டிப் போட்டாள். அவள் காபி குடிக்க உள்ளே போனதும் நான் டேப்பை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பத்தொன்பது ஒயர் 225. ஒன்றே ஒன்று 226.

"ஒரு சென்டிமீட்டர் கூட வெட்டிட்டம்மா" என்று கத்தினேன்.

அடுக்களையிலிருந்து குரல் வந்தது. "அந்த டேப்பு பழசுடி. இழுத்திருக்கும்."